செயலியின் சூடும் திரையில் தெரியும் எண்ணும்

ஓவர்கிளாக் செய்த, அதாவது தயாரித்த நிறுவனம் நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டப்படும், மேசைக் கணினியின் திரையில் செயலி வெப்பநிலை என்று தெரியும் எண் ஒரு கணக்கின் விடை. சிலிக்கானுக்குள் இருக்கும் சென்சர் ஒரு மின்னழுத்தத்தைத் தருகிறது. ஒரு சுற்று அதை எண்ணாக மாற்றுகிறது. மென்பொருள் அந்த எண்ணிலிருந்து எதையோ கழித்தோ, அதோடு எதையோ கூட்டியோ டிகிரி செல்சியஸாகத் திரைக்கு அனுப்புகிறது. இந்த மூன்று கட்டங்களில் எங்கே பிசகினாலும் விடை தவறும். எண் தவறென்று திரை காட்டிக்கொடுக்காது. 62 என்று நிதானமாக நிற்கும் எண் உண்மையில் 80 ஆக இருக்கலாம், 45 ஆகவும் இருக்கலாம்.

நிறுவனம் நிர்ணயித்த வேகத்தில் ஓடும் கணினியில் இந்தப் பிழையால் பெரிய கேடு வராது. சில்லு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். ஓவர்கிளாக்கில் நிலைமை வேறு. செயலிக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை இன்னும் 0.05 வோல்ட் ஏற்றலாமா, ஹீட் சிங்கை மாற்ற வேண்டுமா, ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்ற முடிவுகள் எல்லாம் இந்த ஓர் எண்ணை நம்பியே எடுக்கப்படுகின்றன. எண்ணைச் சோதித்த பிறகுதான் மின்னழுத்தத்தில் கை வைக்க வேண்டும்.

செயலிக்கு உள்ளேயே சூட்டை அளக்கும் வழிகளில் பழையது டையோடு. சிலிக்கான் டையோடு ஒன்றில் மின்னோட்டம் செல்லும்போது அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தம், சூடு ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறையும். செயலிக்குள் இப்படி ஒரு டையோடை வைத்து, அதன் இரு முனைகளையும் மதர்போர்டுப் பலகையில் உள்ள கண்காணிப்புச் சில்லுக்கு இழுத்து வருவார்கள். வின்பாண்ட், நூவோட்டன், ஐ.டி.இ. ஆகிய நிறுவனங்களின் சில்லுகள் இந்த வேலையைச் செய்பவை. இரண்டு வெவ்வேறு மின்னோட்டங்களைச் செலுத்தி, மின்னழுத்த வேறுபாட்டிலிருந்து சூட்டைக் கணக்கிடுகின்றன. கணக்கு கெல்வின் அளவில் நடப்பதால் சிறு பிழையும் பெரிதாகிவிடும். டையோடின் தன்மையைக் குறிக்கும் மாறிலியில் 1 சதவீதம் தவறினால், 77 டிகிரி செல்சியஸில், அதாவது 350 கெல்வினில், விடை 3.5 டிகிரி விலகும். அதற்கும் முந்தைய பலகைகளில் செயலிக்குள் சென்சரே கிடையாது. சாக்கெட்டுக்கு அடியில் ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். அது செயலியின் சூட்டைவிடச் சாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்றின் சூட்டையே அதிகம் சொன்னது.

பிறகு வந்தது டிஜிட்டல் சென்சர். இன்டெல் செயலிகளில் ஒவ்வொரு கோருக்கும் இப்படி ஒன்று உண்டு. அது கோர் எத்தனை டிகிரி சூடாக இருக்கிறது என்று சொல்வதில்லை. அனுமதிக்கப்பட்ட உச்ச சூட்டுக்கு இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. மேட்டூர் அணையில் நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்டவரிடம் நிரம்ப இன்னும் 20 அடி என்று சொல்வது போன்றது இது. முழுக் கொள்ளளவு 120 அடி என்று தெரிந்தவருக்கு நீர்மட்டம் 100 அடி என்பது விளங்கும். 110 என்று நினைத்துக்கொண்டிருப்பவர் 90 என்று கணக்குப் போடுவார். செயலியில் இந்த உச்ச எல்லைக்கு டி-ஜே-மேக்ஸ் என்று பெயர். மென்பொருள் அதிலிருந்து மிச்சத்தைக் கழித்துத்தான் வெப்பநிலையைக் காட்டுகிறது. எல்லை தவறாக இருந்தால் சென்சர் எவ்வளவு துல்லியமாக இருந்தும் திரையில் வருவது பொய்.

இந்தத் தவறு பெரிய அளவில் நேர்ந்தது கோர் 2 செயலிகளின் காலத்தில். அந்த மேசைக் கணினிச் செயலிகளில் எல்லை எவ்வளவு என்பதை மென்பொருள் படித்துக்கொள்ள வழியில்லை. மென்பொருள் எழுதியவர்கள் தாங்களே ஒரு மதிப்பை ஊகித்து வைத்தார்கள். கோர் 2 டுயோ இ8400 செயலிக்கு ஒரு மென்பொருள் 105 என்று கொண்டது, மற்றொன்று 95 என்று கொண்டது. ஒரே கணினியில், ஒரே நொடியில், இரண்டும் 10 டிகிரி வித்தியாசத்தில் காட்டின. 2008-ல் இன்டெல் தன் மேம்பாட்டாளர் மாநாட்டில் எல்லைகளை வெளியிட்டபோது இ8400-க்கான எண் 100 என்று தெரிந்தது. அதே தலைமுறையின் 45 நானோமீட்டர் சில்லுகளில் இன்னொரு கோளாறும் பரவலாகத் தென்பட்டது. சூடு ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் சென்சர் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கணினி எவ்வளவு ஆறினாலும் எண் நகராது. இந்தச் சென்சர்கள் உச்ச எல்லைக்கு அருகே செயலியைக் காக்கவே வடிவமைக்கப்பட்டவை, சும்மா இருக்கும்போது உள்ள சூட்டை அளக்க அல்ல என்பது இன்டெல்லின் விளக்கம். விளக்கம் நியாயமானதுதான். 2008 நவம்பரில் வந்த முதல் கோர் ஐ7 தொடங்கி எல்லையின் மதிப்பு செயலிக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் ஊகத்துக்கு வேலை குறைந்தது. பின்னாளைய இன்டெல் ஆவணங்கள் சென்சரின் பிழை கூட்டியும் குறைத்தும் 5 டிகிரிக்குள் இருக்கும் என்கின்றன. இரண்டு கோர்களுக்கு இடையே சில டிகிரி வேறுபாடு தெரிந்தால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை.

ஏ.எம்.டி. செயலிகளில் பிசகின் வடிவம் வேறு. அவற்றில் பல, சூட்டைச் செல்சியஸில் தருவதே இல்லை. ஃபேனைக் கட்டுப்படுத்த வசதியான, தங்களுக்கென்ற ஓர் அளவுகோலில் தருகின்றன. எல்லைக்கு அருகே அது உண்மைச் சூட்டோடு ஒத்துப்போகும். கீழே இறங்க இறங்க விலகும். 2012 அக்டோபரில் வந்த எஃப்.எக்ஸ். 8350 சும்மா இருக்கும்போது அறையின் சூட்டைவிடக் குறைவாகவே காட்டும். அதனால்தான் ஏ.எம்.டி.யின் ஓவர்டிரைவ் மென்பொருள் டிகிரியை விட்டுவிட்டு, எல்லைக்கு எவ்வளவு இடைவெளி மிச்சம் என்பதைக் காட்டியது. அந்த வகைச் செயலிகளுக்கு இடைவெளியைப் பார்ப்பதே சரியான முறை.

2017 மார்ச்சில் முதல் ரைசன்கள் வந்தபோது விலகல் எதிர்ப்பக்கம் நேர்ந்தது. 1700எக்ஸ், 1800எக்ஸ் செயலிகள் உண்மைச் சூட்டோடு 20 டிகிரியைக் கூட்டிச் சொல்லின. 1700 அப்படிச் செய்யவில்லை. எல்லா மாதிரிகளிலும் ஃபேன் ஒரே கொள்கைப்படி சுற்ற வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்தது என்று அதே மாதம் ஏ.எம்.டி. விளக்கியது. அந்த ஆண்டு வந்த த்ரெட்ரிப்பர் 1950எக்ஸ் செயலியில் கூட்டல் 27 டிகிரி. 2018-ன் 2700எக்ஸ் செயலியில் 10. இதை அறியாத பழைய மென்பொருள் 55 டிகிரியில் ஓடும் 1800எக்ஸை 75 என்று காட்டும். பயந்துபோன உரிமையாளர் புது ஹீட் சிங்க் வாங்குவார். அதைப் பொருத்தியும் எண் அவ்வளவாக இறங்காது. புதிய மென்பொருள்கள் கூட்டிய அளவும் உண்மை அளவும் என இரண்டையும் தனித்தனியே காட்டுகின்றன. டி-டை என்று குறிக்கப்பட்டிருப்பதே உண்மைச் சூடு. டி-கண்ட்ரோல் என்பது ஃபேனுக்கானது.

ஓவர்கிளாக்கே சென்சரைக் கெடுத்த கதைகளும் உண்டு. 2015 டிசம்பரில் இன்டெல்லின் ஆறாம் தலைமுறைச் செயலிகளில், கடிகாரத்தை இத்தனை மடங்காக்கும் பெருக்கம் பூட்டப்பட்ட ஐ5 6400 போன்ற விலை குறைந்த மாதிரிகளையும் அடிப்படைக் கடிகாரத்தை 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றி ஓட்ட முடியும் என்று தெரியவந்தது. சில பலகை நிறுவனங்கள் அதற்கென்று மாற்றிய பயாஸ், அதாவது பலகையின் அடிப்படை மென்பொருள், கொடுத்தன. குறைந்த காசில் நிறைய வேகம் கிடைத்தது. ஆனால் அந்த பயாஸ் செயலியின் மின் மேலாண்மையை அணைத்துவிட்டே வேலை செய்தது. உள்ளமைந்த கிராஃபிக்ஸ் நின்றது, சில வகைக் கணக்குகள் மந்தமாயின, கோர்களின் வெப்பநிலை பயனற்றுப் போனது. கணினி எந்த நிலையில் இருந்தாலும் கோர்கள் 100 டிகிரி என்றே காட்டின. பேக்கேஜ் என்று தனியே வரும் அளவு ஒன்றுதான் பலருக்குக் கைகொடுத்தது. 2016 பிப்ரவரியில் இன்டெல் இந்த வழியை அடைக்கத் தொடங்கியது. அதற்கு முன் 2009-ல் ஏ.எம்.டி.யின் ஃபீனம் 2 செயலிகளில் முடக்கப்பட்டிருந்த கோர்களைப் பலகையின் அமைப்பைக் கொண்டு திறந்துவிட்டவர்களும் இதே விலையைக் கொடுத்தார்கள். கோர்கள் விழித்தன, சென்சர்கள் அவிந்தன. திரையில் பூஜ்யமோ அர்த்தமில்லாத எண்ணோ வந்தது. அவர்களுக்கு மிஞ்சியது பலகையின் சாக்கெட் சென்சர் மட்டும்.

இன்னொரு வகைப் பொய்க்குச் செயலியோடு தொடர்பே கிடையாது. கண்காணிப்புச் சில்லில் பல உள்ளீட்டு முனைகள் இருக்கும். பலகை செய்தவர் எல்லாவற்றையும் இணைப்பதில்லை. இணைக்காத முனையையும் மென்பொருள் படித்து ஒரு பெயர் சூட்டிக் காட்டிவிடும். 127 டிகிரி, பூஜ்யத்துக்கும் கீழே பல டிகிரி போன்ற எண்கள் பெரும்பாலும் இந்த வகை. இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, மறைத்துவிடலாம். இவற்றைவிட மோசமானது நம்பும்படியாக இருக்கும் பொய். பல பலகைகளின் பயாஸ், இயங்குதளம் கேட்கும்போது 27.8, 29.8 போன்ற நிலையான எண்களை வெறுமனே திருப்பித் தரும். அவற்றுக்குப் பின்னால் சென்சர் எதுவும் கிடையாது. லினக்ஸிலும் சில விண்டோஸ் கருவிகளிலும் அதுவே கணினியின் சூடாகத் தோன்றும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கண்காணிப்பு மென்பொருள்களைத் திறந்து வைத்தாலும் எண்கள் குழம்பும். எல்லாம் ஒரே சில்லோடு முட்டி மோதிப் பேச, ஒன்றுக்கான பதில் மற்றொன்றுக்குப் போய்ச் சேரும். சோதனையின்போது ஒரே ஒரு மென்பொருள் ஓடினால் போதும்.

பொய்யைப் பிடிக்கும் மிக எளிய கருவி அறையின் வெப்பநிலை. காற்றால் ஆற்றப்படும் பொருள் அந்தக் காற்றைவிடக் குளிர்ந்துவிட முடியாது. ஃபேன் எவ்வளவு பெரியதானாலும், குழாயில் நீரோடும் கூலரானாலும் விதி இதுதான். ஃபேன் காற்றில் உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாவதால், செயலிக்கு வியர்ப்பதில்லை. ஆக, அறையின் சூடு என்பது தரை. அதற்குக் கீழே காட்டும் எந்த எண்ணும் பொய்.

காவிரி டெல்டாவில் உள்ள நீடாமங்கலம் போன்ற ஊரில் இந்தத் தரை ஆண்டு முழுக்க இடம் மாறிக்கொண்டே இருக்கும். கத்திரி வெயிலில் பகல் வெப்பம் 37, 38 டிகிரிக்குப் போகும். மேலே வெயில் காயும் மொட்டை மாடியை உடைய அறை, பொழுது சாய்ந்தும் ஆறுவதில்லை. மார்கழி, தை இரவுகளில் அதே அறை 22, 23 டிகிரிக்கு இறங்கும். ஏறக்குறைய 15 டிகிரி வித்தியாசம் அப்படியே செயலியின் எண்ணிலும் ஏறும். தை மாதம் 70 காட்டிய கணினி சித்திரையில் 85 காட்டினால் சென்சரைக் குற்றம் சொல்ல இடமில்லை. சித்திரை நண்பகலில், ஏ.சி. இல்லாத அறையில், செயலி 29 டிகிரியில் ஓய்வாக இருக்கிறது என்று மென்பொருள் சொன்னால் அங்கேதான் சந்தேகம் வர வேண்டும். ஓவர்கிளாக் குறித்து இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி 20, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதப்பட்டது. அவர்கள் தரும் எண்ணை டெல்டாவில் அப்படியே எடுத்துக்கொள்வது பெரிய தவறு. எடுத்துக்கொள்ள வேண்டியது அறைக்கும் செயலிக்கும் உள்ள வித்தியாசத்தை.

அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே தோராயமாகக் கணக்கிடவும் முடியும். செயலி செலவழிக்கும் மின்திறன், வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். 4 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் 90 வாட் எடுக்கும் செயலியை 4.4 கிகாஹெர்ட்ஸ், 1.32 வோல்ட்டுக்கு ஏற்றினால் வேகத்தால் 1.1 மடங்கும் மின்னழுத்தத்தால் 1.21 மடங்கும் கூடி, மொத்தம் 1.33 மடங்கு, அதாவது 120 வாட் ஆகும். ஹீட் சிங்கும் பேஸ்ட்டும் சேர்ந்து ஒரு வாட்டுக்கு 0.4 டிகிரி என்று வைத்துக்கொண்டால், முன்பு அறையைவிட 36 டிகிரி மேலே இருந்த செயலி இப்போது 48 டிகிரி மேலே நிற்கும். அறை 36 டிகிரி என்றால் 72 ஆக இருந்தது 84 ஆகும். மின்னழுத்தத்தை இவ்வளவு ஏற்றிய பிறகும் திரை எண் 73 என்று அசையாமல் நின்றால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. எங்கேயோ கணக்கு உதைக்கிறது.

அறையின் சூட்டை அளக்கக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது; பாதரச வகையில் அளவே 35 டிகிரியில்தான் தொடங்கும். சுவரில் மாட்டும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி போதும். அதைக் கணினியின் காற்று உள்ளே போகும் முகப்புக்கு அருகில் வைக்க வேண்டும்; பின்பக்கம் வைத்தால் வெளியேறும் சூடு பட்டுக் கணக்கைக் கெடுக்கும். 2020-க்குப் பிறகு பல கடைகளிலும் வீடுகளிலும் கிடக்கும், நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி வடிவ மானிகளும் இதற்கு ஆகா. அவை மனித உடல் சூட்டுக்கென்று அமைந்தவை. தொழில் உபயோகத்துக்கான அகச்சிவப்பு மானியும் பளபளக்கும் அலுமினியத்தில் ஏமாறும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் தன் சூட்டை அகச்சிவப்பாக வெளிவிடுவது மிகக் குறைவு. ஹீட் சிங்கின் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளந்தால் எண் நம்பும்படி வரும்.

தரையைச் சோதிக்க நல்ல நேரம் விடியற்காலை. இரவு முழுக்க அணைந்திருந்த கணினியில் ஹீட் சிங்க், பலகை, செயலி எல்லாம் அறையின் சூட்டிலேயே இருக்கும். இயக்கியவுடன் பயாஸ் திரைக்குப் போனால், பலகையின் சென்சர் அறை வெப்பத்தை ஒட்டியே காட்ட வேண்டும். செயலியின் சென்சர் அதைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: பயாஸில் செயலி உறங்குவதில்லை. விண்டோஸிலோ லினக்ஸிலோ வேலை இல்லாதபோது கோர்கள் உறக்க நிலைக்குப் போகும். பயாஸில் அந்த வசதி பெரும்பாலும் இயங்காது. எனவே சில நிமிடங்களில் பயாஸ் காட்டும் எண், விண்டோஸின் ஓய்வு எண்ணைவிட மேலே ஏறிவிடுவது இயல்பு. இதைப் பார்த்துவிட்டு இரண்டில் ஒன்று பொய் என்று முடிவுகட்டுபவர்கள் ஏராளம்.

தரையைப் போலவே கூரையும் உண்டு. இன்டெல் செயலி தன் உச்ச எல்லையைத் தொட்டதும் வேகத்தைத் தானே குறைக்கும். அதைவிட வெகுவாக மேலே போனால் கணினியே அணைந்துவிடும். உச்ச எல்லையே சென்சர் மிகச் சரியாக இருக்கும்படி அமைந்த புள்ளி. 100 டிகிரி எல்லை கொண்ட செயலி மணிக்கணக்கில் 104 காட்டியபடி முழு வேகத்தில் ஓடினால், அந்த எண் பொய். திரை 70 என்று காட்டும்போதே சூட்டால் வேகம் குறைந்ததாக மென்பொருள் எச்சரித்தால் இரண்டு வாய்ப்புகள்: எண் பொய், அல்லது செயலிக்கு மின்சாரம் தரும் பலகைப் பகுதி சூடாகி அது செயலியை வேகத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறது. விலை குறைந்த பலகையில் ஓவர்கிளாக் செய்தவர்கள் இரண்டாவதையே முதலில் பார்க்க வேண்டும்.

தரைக்கும் கூரைக்கும் நடுவே எண்ணின் நடத்தையைக் கவனிக்க வேண்டும். பிரைம்95 போன்ற கடும் பளுவைக் கொடுத்தால் உண்மையான கோர் சென்சர் ஒரு நொடிக்குள் பல டிகிரி தாவும். பிறகு ஹீட் சிங்க் சூடேறும் வேகத்தில் நிமிடக்கணக்கில் மெல்ல ஏறும். பளுவை நிறுத்தியதும் அதே போலச் சட்டென்று விழுந்து, பிறகு மெல்ல இறங்கும். தாவாமல் மெதுவாக மட்டும் ஏறும் எண் கோருடையதாக இருக்காது. அது சாக்கெட்டையோ பலகையையோ சொல்கிறது. ஏறவே ஏறாத எண் சிக்கிய சென்சர் அல்லது பயாஸ் தரும் வெற்று எண். ஒரு கணம் தாவி மீண்டு வருவதைப் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. 2017-ல் ஐ7 7700கே வைத்திருந்தவர்கள், ஒரு நிரலைத் திறந்த மாத்திரத்தில் எண் பல டிகிரி எகிறுவதாகப் புகார் செய்தார்கள். அந்தத் தாவல்கள் உண்மையானவை. செயலியின் இயல்பு என்றே இன்டெல் பதில் சொன்னது.

ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாகக் காட்டினால் வேறுபாடு எப்படி வளர்கிறது என்பதுதான் துப்பு. ஓய்விலும் பளுவிலும் அதே 8 டிகிரி வித்தியாசம் என்றால் சென்சரின் விலகல் என்று கொள்ளலாம். ஓய்வில் 2, பளுவில் 12 என்று விரிந்தால் அங்கே உண்மையாகவே சூடு தேங்குகிறது. அப்போது ஹீட் சிங்கைக் கழற்றி, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசி, முடிந்தால் ஹீட் சிங்கைத் திருப்பி வைத்து மறுபடி பார்க்க வேண்டும். சூடான கோர் மாறிவிட்டால் குறை பொருத்தியதில் இருந்தது.

சூடு ஏறுவதற்கு டெல்டாவில் இன்னொரு காரணமும் முன்வரிசையில் நிற்கும். தை, மாசி அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசும் நெல்லின் சுணையும் காற்றில் பறக்கும். நெல் மூட்டைகள் சரக்கு ரயிலில் ஏறும் நீடாமங்கலம் ரயிலடிப் பக்கம் இது நன்றாகத் தெரியும். அந்தத் தூசு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையே படிந்து கம்பளி போல் அடைத்துக்கொள்ளும். அறுவடை முடிந்து கோடை தொடங்கும்போது எண் ஏறுவதற்கு அறையின் சூட்டோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது. சென்சரைச் சந்தேகிக்கும் முன் பெட்டியைத் திறந்து, ஃபேன் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, காற்றை ஊதித் தகடுகளைச் சுத்தம் செய்வது முதல் வேலை.

எண் பொய் என்று உறுதியான பிறகு செய்யக்கூடியவை கொஞ்சம்தான். சென்சர் சிலிக்கானுக்குள் இருப்பதால் அதைப் பழுதுபார்க்க முடியாது. முதலில் கண்காணிப்பு மென்பொருளையும் பயாஸையும் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். தவறான உச்ச எல்லை, தெரியாத கூட்டல் ஆகிய இரண்டும் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். அடுத்து, ஓவர்கிளாக் அமைப்புகளை முழுவதும் நீக்கி, நிறுவனத்தின் வேகத்தில் சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும். அங்கே எண் ஒழுங்காக வந்தால் பிழை ஓவர்கிளாக் முறையில் இருக்கிறது. அடிப்படைக் கடிகாரத்தை ஏற்றும் முறையை விட்டுப் பெருக்கத்தை மட்டும் மாற்றும் முறைக்குப் போவது நல்லது. நிலையான விலகல் என்றால் மென்பொருளில் அத்தனை டிகிரியைக் கூட்டியோ கழித்தோ திருத்திக்கொள்ளலாம். அந்தத் திருத்தம் திரைக்கு மட்டும்தான். மதர்போர்டு ஃபேனைச் சுற்றுவது பழைய, திருத்தாத எண்ணைப் பார்த்தே. குறைவாகக் காட்டும் சென்சர் உள்ள கணினியில் ஃபேன் தேவைக்குக் குறைவாகச் சுற்றும். எனவே பயாஸில் ஃபேனின் வேகப் படிகளை அதே அளவு டிகிரி கீழே நகர்த்தி வைக்க வேண்டும், அல்லது முழு வேகத்தில் நிலையாக ஓட விட வேண்டும். சூடு குறைந்திருக்கும்போது மட்டும் சிக்கிக்கொள்ளும் சென்சரை அப்படியே விட்டுவிடலாம். 60 டிகிரிக்கு மேல் அது சரியாக நகர்கிறதென்றால் ஓவர்கிளாக்குக்கு வேண்டிய பகுதியில் அது வேலை செய்கிறது. எல்லா நிலையிலும் பொய் சொல்லும் சென்சரோடு மின்னழுத்தத்தை ஏற்றுவது கூடாது. நிறுவனத்தின் மின்னழுத்தத்திலேயே எட்டக்கூடிய வேகத்தோடு அந்தச் செயலியை நிறுத்திக்கொள்ள வேண்டும்.